இரண்டு முடிவுகள்

ஒரு மூட்டை அசைத்துப் பார்க்கும்போது முக்கியமானது அது அசைவது அல்ல, அது நிற்பது. எங்கே நிற்கிறது என்பதை விடவும் எப்படி நிற்கிறது என்பது. முழங்கையை நீட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் எலும்பு எலும்பில் வந்து இடிக்கும். சமரசத்துக்கு இடமில்லாத நிறுத்தம். முழங்காலை மடக்கினால் கெண்டைச் சதை தொடைச் சதையில் அமுங்கி மெத்தென்று நிற்கும். தோள்பட்டையை வெளிப்பக்கமாகத் திருப்பினால் பதனிட்ட தோல்வாரை இழுத்தது மாதிரி கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பிறகு விட்டுக்கொடுக்காமல் நிற்கும். இவை மூன்றும் ஆரோக்கியத்தின் நிறுத்தங்கள்.

நோயின் நிறுத்தங்கள் வேறு. முழங்காலுக்குள் கிழிந்த குருத்து இடையில் சிக்கியிருந்தால், நீட்டும்போது ஸ்பிரிங் போல எகிறித் திரும்பும். வீங்கிய மூட்டில் தசை சட்டென்று இறுகிக் கதவைச் சாத்தும். எல்லாவற்றிலும் மோசமானது, எதுவுமே தடுக்காமல் வரும் நிறுத்தம். என் கைக்கு இன்னும் போக இடமிருக்கிறது, மூட்டுக்குள் எதுவும் தட்டுப்படவில்லை, ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் போதும் என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். இதை வெற்று நிறுத்தம் என்பார்கள். அந்த வெறுமைக்குப் பின்னால் சீழ் இருக்கலாம், கட்டி இருக்கலாம். அங்கே என் வேலை கையை எடுத்துக்கொண்டு, போகவேண்டிய இடத்துக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பது மட்டும்தான்.

இந்த நிறுத்தங்களை வகைபிரித்துப் பெயர் வைத்தவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ். லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அவருடைய பாடநூலின் முதல் பாகம் 1947ல் வந்தது. 1985ல் இறந்துபோனார். அசைவின் கடைசியில் கைக்குத் தெரிவதை அவர் ஆங்கிலத்தில் 'எண்ட் ஃபீல்' என்றார். நான் எனக்குள் முடிவுணர்வு என்று சொல்லிக்கொள்கிறேன். முப்பது வருஷமாகக் கும்பகோணத்தில் ஒரு வாடகை அறையில், ஒரு கட்டிலும் இரண்டு நாற்காலியும் ஒரு கோனியோமீட்டரும் வைத்துக்கொண்டு இந்த முடிவுணர்வை நம்பித்தான் சோறு தின்கிறேன்.

இந்தப் பத்திரிகையில் எழுதும் நண்பர்கள் சிலருக்கு என் தொழில் பற்றி ஒரு வேடிக்கையான மரியாதை உண்டு. சுளுக்கு எடுக்கிறவர்களில் கொஞ்சம் ஆங்கிலம் படித்தவன் என்பது அவர்களுடைய கணிப்பு. நீவிவிடுவதற்கு முன்னால் வெகு நேரம் கேள்வி கேட்பதில்தான் என் தொழில் இருக்கிறது என்றால் நம்புவதில்லை. கேள்விகளை வாயால் கேட்பது கொஞ்சம்தான். மிச்சத்தை மூட்டிடம் கேட்க வேண்டும்.

மூன்று விதமாகக் கேட்கலாம். முதலில், நீங்களே அசையுங்கள் என்பது. இதில் எல்லாம் கலந்து வரும்: தசை, மூட்டு, மனசு. இரண்டாவது, நீங்கள் சும்மா இருங்கள், நான் அசைக்கிறேன் என்பது. இப்போது தசைக்கு வேலை இல்லை. மூட்டின் உறையும், ஊர்க்காரர்கள் ஜவ்வு என்று சொல்லும் தசைநார்களும்தான் பதில் சொல்லும். மூன்றாவது, நான் தள்ளுகிறேன், அசையாமல் எதிர்த்து நில்லுங்கள் என்பது. இப்போது மூட்டு அசையவில்லை. தசையும் அதன் நாணும் மட்டும் இழுபடுகின்றன. மூன்று பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வலி எங்கிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். மணிக்கட்டைப் பின்னால் மடக்கி எதிர்த்து நிற்கச் சொன்னால் முழங்கையின் வெளிமேட்டில் சுரீர் என்கிறது, ஆனால் முழங்கை மூட்டைத் தாராளமாக மடக்கி நீட்ட முடிகிறது என்றால் கோளாறு மூட்டில் இல்லை, அங்கே ஒட்டியிருக்கும் நாணில் இருக்கிறது. டென்னிஸ் எல்போ என்று பெயர். வாழ்க்கையில் டென்னிஸ் மட்டையைப் பார்த்திராத பெண்கள், மாவு பிசைந்தும் துணி பிழிந்தும் வாங்கிக்கொள்வது.

இதை விமர்சனத்தோடு ஒப்பிட ஒரு நண்பருக்கு ஆசை. பிரதியைச் சும்மா விட்டுப் பார், அசைத்துப் பார், எதிர்த்துப் பார் என்று அடுக்கினார். அழகாக இருந்ததால் எனக்குச் சந்தேகமாக இருந்தது. பிரதிக்கு வலிக்காது. ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் வேறு ஓர் இடத்தில் ஒப்பிடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாயால் கேட்கும் கேள்விகளைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். வலிக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் வார்த்தைகள் துல்லியமானவை. குடைச்சல், உளைச்சல், கடுப்பு, குத்தல், இழுப்பு, பிடிப்பு, எரிச்சல், விண்விண் என்று தெறிப்பது. பாடநூல் படித்த பையன்கள் எல்லாவற்றையும் 'பெயின்' என்று எழுதி, பக்கத்தில் பத்துக்கு எத்தனை என்று ஒரு எண்ணைப் போடுகிறார்கள். ராத்திரி குடைகிறது என்பதும் படியிறங்கும்போது குத்துகிறது என்பதும் வேறு வேறு கதைகள். கைக்குக் கீழே எரிந்துகொண்டு விரல் மரத்துப்போகிறது என்றால் கழுத்தைப் பார்க்கவேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று வந்து, முழங்காலில் எந்தக் கேள்விக்கும் வலி வராமல், இடுப்பு மூட்டை உள்பக்கம் திருப்பியதும் 'அதேதான், அதேதான்' என்று கத்துகிறவர்கள் உண்டு. இடுப்பின் வலி முழங்காலில் போய்ப் பேசும். வலி சொல்லும் முகவரியில் எப்போதும் ஆள் இருப்பதில்லை.

இந்தத் துல்லியத்துக்கு நடுவே நாசகாரமான ஒரு வார்த்தையும் புழக்கத்தில் இருக்கிறது: தேய்மானம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து யாரோ ஒருவர் இதைச் சொல்லி அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகு அந்த அம்மாள் முழங்காலை ஒரு சோப்புக் கட்டி மாதிரி பாவிக்க ஆரம்பிக்கிறார். நடந்தால் கரைந்துவிடும். கோவிலுக்குப் போவதை நிறுத்துகிறார், பிறகு கடைத்தெருவை, பிறகு மாடியை. தொடைத் தசை வற்றுகிறது. தசை வற்ற வற்ற வலி கூடுகிறது. வலி கூடக் கூடத் தேய்மானம் என்ற வார்த்தை நிரூபணமாகிறது. எக்ஸ்ரேயில் தெரிவதும் வலியும் அப்படியொன்றும் கைகோத்துக்கொண்டு போவதில்லை. படத்தில் பயங்கரமான முழங்காலோடு வயல் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தோளிலும் இதே கதைதான். 1995ல் அமெரிக்காவில் வலியே இல்லாத ஆட்களின் தோள்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நாண் பாதியாகவோ முழுசாகவோ கிழிந்திருந்தது. கிழிசலோடு அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். முழங்காலுக்கு நான் செய்யக்கூடியவற்றில் கெட்டியான ஆதாரம் உள்ளது தொடைத் தசைக்கு வேலை கொடுப்பது, நடக்கவைப்பது. அதற்கு முன் அந்த வார்த்தையை அவர் முழங்காலிலிருந்து பிடுங்கி எடுக்கவேண்டியிருக்கிறது. எந்தப் பாடநூலிலும் அதற்கு ஒரு கைப்பிடி சொல்லியில்லை.

என்னை அதிகமாக யோசிக்க வைத்தது தோள்தான். 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்று நம் ஊரிலும் எல்லோரும் சொல்கிறார்கள். உறைந்த தோள். ஜப்பானியர்கள் இன்னும் நேரடியாக ஐம்பது வயதுத் தோள் என்கிறார்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், பெண்களுக்குக் கொஞ்சம் அதிகமாக, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. சர்க்கரை மலிந்த நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. முதலில் வலி, ராத்திரியில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. பிறகு இறுக்கம். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. சுருங்குவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு என்பது சிரியாக்ஸ் கவனித்தது: வெளிப்பக்கம் திருப்புவது அதிகம் போகும், பக்கவாட்டில் தூக்குவது அடுத்தது, உள்பக்கம் திருப்புவது கடைசி. பெண்கள் பின்னால் கை கொண்டுபோய் முடியை முடிய முடியவில்லை என்று வருவார்கள். ஆண்கள் சட்டை போட முடியவில்லை என்பார்கள். ஒரு குருக்கள் வந்தார். தீபாராதனைத் தட்டைத் தூக்கிச் சுற்ற முடியவில்லை. கையைத் தூக்குகிறேன் என்று தோள்பட்டை எலும்பு மொத்தத்தையும் காதுவரை தூக்கிக் காட்டினார். அசலான மூட்டு அசையவே இல்லை. 'சாமிக்குத் தெரியும் சார், பாக்க வர்றவாளுக்கும் தெரிஞ்சுடறது' என்றார்.

இப்படிப்பட்ட தோளில் கை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். அடிலெய்டில் இருந்த ஜெஃப்ரி மெய்ட்லண்ட் கைகால் மூட்டுகளுக்கென்று 1970ல் ஒரு புத்தகம் போட்டார். அசைவை நான்கு படிகளாகப் பிரித்தவர் அவர். அசைவின் தொடக்கத்தில் மிகச் சிறிய ஆட்டம் முதல் படி. தடையைத் தொடாமல் பெரிய ஆட்டம் இரண்டாவது. தடை வரை போகும் பெரிய ஆட்டம் மூன்றாவது. தடையின் மேலேயே நின்றுகொண்டு சிறிய ஆட்டம் நான்காவது. வலி முன்னால் நிற்கும்போது முதல் இரண்டு. இறுக்கம் முன்னால் நிற்கும்போது பின் இரண்டு. மேற்கை எலும்பின் தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து, குழிக்குள் அதைக் கொஞ்சம் கீழே, கொஞ்சம் பின்னே நழுவவிடுவது. பத்து நிமிஷம் இப்படிச் செய்தபின் கோனியோமீட்டரை வைத்தால் பத்துப் பதினைந்து டிகிரி கூடியிருக்கும். நோயாளியின் முகத்தில் ஆச்சரியம். என் கையில் ஒரு கர்வம். இந்தக் கர்வத்தைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

ஏன் கூடியது என்று கேட்டால் எங்கள் பாடநூல்களில் பதில் இருந்தது. உள்ளே ஒட்டிக்கொண்ட நார்கள் பிரிகின்றன என்றார்கள். குழியின் வடிவத்தையும் பந்தின் வடிவத்தையும் பார்த்து, கை இந்தப் பக்கம் சுழலவேண்டுமென்றால் எலும்பின் தலையை எதிர்ப்பக்கம் நழுவவிட வேண்டும் என்று ஒரு விதி. நார்வேக்காரர் கால்டென்போர்ன் வகுத்தது. வடிவகணித நிரூபணம் போல மனசுக்குத் திருப்தி தரும். அந்த விதிப்படி வெளிச்சுழற்சி கூடத் தலையை முன்னால் நழுவவிட வேண்டும். 2007ல் வெளியான ஒரு சிறு ஆய்வில், இருபது உறைந்த தோள்களைப் பாதிப்பாதியாகப் பிரித்து, பாதிக்கு முன்னாலும் பாதிக்குப் பின்னாலும் நழுவவிட்டுப் பார்த்தார்கள். பின்னால் நழுவவிட்டவர்களுக்கு வெளிச்சுழற்சி முப்பது டிகிரி போலக் கூடியது. விதிப்படி செய்தவர்களுக்கு மூன்று. முடிவுணர்வுக்கும் இதே கதிதான்: ஒரே மூட்டை இரண்டு பேர் கையில் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே பெயரைச் சொல்வது எதிர்பார்ப்பதைவிடக் குறைவு.

விளக்கம் விழுந்தால் விழட்டும், பலன் நிற்கிறதே என்று சொல்லலாம். நானும் கொஞ்ச காலம் அதைச் சொல்லிக்கொண்டேன். அங்கேதான் எர்னஸ்ட் காட்மன் வந்து குறுக்கே நிற்கிறார்.

உறைந்த தோள் என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான், 1934ல் தோளைப் பற்றி எழுதிய புத்தகத்தில். பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர். ஆனால் தோளுக்கு முன்பே அவருக்கு வேறொரு பைத்தியம் பிடித்திருந்தது. ஒவ்வொரு நோயாளியையும் ஒரு வருஷம் கழித்துத் தேடிப் போய்ப் பார்க்கவேண்டும், செய்த வைத்தியம் பலித்ததா என்று எழுதவேண்டும், பலிக்கவில்லையென்றால் ஏன் என்று எழுதவேண்டும், அதைப் பகிரங்கமாக அச்சடிக்கவேண்டும். இதற்கு அவர் வைத்த பெயர் 'எண்ட் ரிசல்ட்'. 1914ல் மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியை விட்டு விலகினார். மறுவருஷம் ஒரு கூட்டத்தில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திரை விலக்கிக் காட்டினார்: மணலில் தலையைப் புதைத்த நெருப்புக்கோழி, பொன்முட்டைகளைப் பின்னால் டாக்டர்களை நோக்கி உதைத்துத் தள்ளுகிறது. ஊர் அவரை ஒதுக்கிவிட்டது. தன்னுடைய சின்ன ஆஸ்பத்திரியில் 1911லிருந்து 1916 வரை வந்த 337 நோயாளிகளின் கணக்கை, கண்டுபிடித்த 123 தவறுகளோடு சேர்த்து அச்சிட்டார். 1940ல் இறந்தார். தோள் புத்தகத்தின் முன்னுரையில் தன் கதையையெல்லாம் சொல்லியிருக்கிறார். தோளைப் பற்றித் தெரிந்துகொள்ளப் போகிறவன் ஒரு மனுஷனின் தோல்வியைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும்.

எண்ட் ஃபீல், எண்ட் ரிசல்ட். அசைவின் முடிவு, காலத்தின் முடிவு. முதலாவதைக் கை அறியும். இரண்டாவது கைக்குத் தெரியவே தெரியாது.

காட்மன் கேட்ட கேள்வியைப் பிற்காலத்தில் எங்கள் தொழிலிலும் கேட்டார்கள். 2004ல் நெதர்லாந்தில் 77 உறைந்த தோள்களை இரண்டு வருஷம் தொடர்ந்தார்கள். ஒரு பாதிக்குத் தீவிரமாக இழுத்து நீட்டும் சிகிச்சை. இன்னொரு பாதிக்கு வலி விடுகிற அளவுக்கு அசைத்துக்கொள் என்ற புத்திமதி மட்டும். இதற்கு 'மேற்பார்வையுள்ள அலட்சியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இரண்டு வருஷ முடிவில் அலட்சியத்தில் 89 சதவீதம் பேர் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பியிருந்தார்கள், சிகிச்சையில் 63. முழங்கை நாணுக்கு 2006ல் பிரிஸ்பேனில் 198 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆறு வாரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வருஷத்தில் அவர்கள்தான் கடைசி. கைவைத்தியமும் உடற்பயிற்சியும் பெற்றவர்கள் நன்றாக இருந்தார்கள். சும்மா பொறுத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்கு நன்றாக இருந்தார்கள். 2020ல் பிரிட்டனில் 503 தோள்கள்: மயக்கம் கொடுத்துத் திருகிவிடுவது, துளைவழி அறுத்துவிடுவது, ஊசியோடு பிஸியோதெரபி. ஒரு வருஷம் கழித்து எதுவும் எதையும் பெரிதாக வெல்லவில்லை.

இதைப் படித்துவிட்டு மறுநாள் காலையில் அறையைத் திறந்து விளக்கைப் போடவேண்டும். வாசலில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பத்து ஸிட்டிங், இருபது ஸிட்டிங் என்று கணக்குப் போட்டுப் பணம் வாங்கும் தொழில் இது. நான் செய்வது, தானே குணமாகிக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல் கையை வைத்து உரிமை கொண்டாடுவதுதானா? இந்தக் கேள்வியைத் தத்துவமாக நான் கேட்டுக்கொள்ளவில்லை. மகள் படிப்புக்குப் பணம் கட்டவேண்டியவனாகக் கேட்டுக்கொண்டேன்.

ஒரு நோட்டு வாங்கினேன். வந்துபோனவர்களுக்கு ஒரு வருஷம் கழித்துப் போன் செய்வதென்று வைத்துக்கொண்டேன். பலருக்கு இது புரியவில்லை. பாக்கி ஏதும் இருக்கிறதோ என்று பயந்தார்கள். ஒழுங்காக வந்தவர்கள், நாலு நாள் வந்து நின்றுபோனவர்கள், நடுவில் புத்தூர்க் கட்டுக்குப் போனவர்கள் எல்லோரையும் எழுதினேன். வருஷக் கடைசியில் தோளை மட்டும் வைத்து யார் எந்த வகை என்று என்னால் சொல்லமுடியாது. ஆனால் அவர்கள் ஞாபகம் வைத்திருந்தது வேறாக இருந்தது. டிகிரியை யாரும் சொல்லவில்லை. 'அன்னிக்கு ராத்திரி தூங்கினேன்' என்றார் ஒருவர். 'ஒண்ணும் கிழிஞ்சுடாது, ஆட்டுங்கன்னு சொன்னீங்களே' என்றார் இன்னொருவர். குருக்கள், எத்தனை மாசம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டதால் இடது கையால் தட்டைச் சுற்றப் பழகிக்கொண்டதாகவும், இப்போது இரண்டு கையும் வருவதாகவும் சொன்னார்.

நோட்டு எனக்கு மூன்று விஷயங்களை மிச்சம் வைத்தது. ஒன்று, பிரித்தறிவது. எந்தத் தோள் காத்திருக்கலாம், எந்தத் தோள் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 1992ல் கனடாவின் ஒட்டாவாவில் கணுக்கால் சுளுக்குக்கு ஒரு விதி உண்டாக்கினார்கள். வெறும் விரல் நுனியால் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பில் ஆறு சென்டிமீட்டரை அமுக்கிப் பார்ப்பது, பாதத்தில் இரண்டு எலும்புகளை அமுக்கிப் பார்ப்பது, நாலு அடி நடக்க முடிகிறதா என்று பார்ப்பது. இவ்வளவில் யாருக்கு எக்ஸ்ரே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கை இன்னும் அறியக்கூடியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டு, இன்றைய ராத்திரி. வருஷ முடிவில் எல்லோரும் சமம் என்றாலும் அந்த வருஷத்துக்குள் முந்நூற்றுச் சொச்சம் ராத்திரிகள் இருக்கின்றன. ஆய்வின் கடைசி வரியில் அவை இல்லை. மூன்று, பயம் விலகுவது. என் கை அந்தத் தோளை ஒரு டிகிரி அசைத்து, ஒன்றும் ஆகவில்லை என்று காட்டும்போது அவர் உடம்பு அதை நம்புகிறது. வாய் சொல்வதை நம்புவதில்லை.

1867ல் ஜேம்ஸ் பேஜட் என்ற லண்டன் மருத்துவர், எலும்பு ஒட்டுகிறவர்கள் குணப்படுத்தும் கேஸ்களைப் பற்றியே ஒரு சொற்பொழிவு செய்தார். அவர்களிடம் நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள், கெட்டதை விடுங்கள் என்று படித்த டாக்டர்களுக்குச் சொன்னார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், எங்கள் சொந்தக் கையைப் பார்த்து அதைச் சொல்லிக்கொள்ள இன்னும் முழுத் துணிவு வரவில்லை.

இப்போது நண்பரின் ஒப்பீட்டுக்கு வருகிறேன். ஒரு கவிதை நம் கையில் எங்கே, எப்படி நிற்கிறது என்பதை நாம் இந்தப் பக்கங்களில் நன்றாகவே சொல்லிவிடுகிறோம். அதில் நமக்குக் கர்வமும் உண்டு. இரண்டு பேர் கை ஒத்துப்போவதில்லை என்பதும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு வருஷம் கழித்து அந்தக் கவிதையிடம் திரும்பிப் போய், நான் சொன்னது நின்றதா என்று பார்த்து, அதை அடுத்த இதழில் அச்சடிக்கிறவர் யார்? நம்மிடம் கட்சி கட்டியவர்கள் உண்டு, கட்சி மாறியவர்கள் உண்டு. நோட்டு வைத்திருப்பவர்களை நான் பார்த்ததில்லை.

என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்கள் நோயாளியைத் தொட்டதும் அசைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் கையை வைத்துக்கொண்டு சும்மா இரு என்கிறேன். எவ்வளவு நேரம் சார் என்று கேட்கிறார்கள். அவர் மூச்சு மாறுகிறவரைக்கும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஆய்வு கிடையாது.